முதல் கன்ட்ரோலர் அக்காவுக்கு

நான்கு வீரர்கள் அணியாகச் சேர்ந்து ஊரைக் காப்பாற்றும் அந்த வீடியோ கேமைப் பற்றி ஆளாளுக்குப் பேசி யூடியூபில் போட்டிருக்கிறார்கள். படம் பளபளவென்று இருக்கிறதாம், கதை இழுவையாம், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் லாயக்காம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் எல்லாரும் தனியாக உட்கார்ந்து ஆடியவர்கள். நாங்களோ நான்கு பேர், தோட்டத்து லயத்து வரிசை வீட்டின் முன்னறையில், ஒரே டிவிக்கு முன்னால் இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆடுகிறோம். தேயிலை வெட்டுகிற பொம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இத்தோடு எழுந்து தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

நான்கு பேர் என்றால் நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி, பக்கத்து வீட்டு அக்கா. மலையிலும் நாங்கள் இதே நான்கு பேர்தான். கொழுந்து வெட்டுகிற மெஷினின் இரண்டு முனைகளையும் நானும் வீட்டுக்காரரும் பிடித்துக்கொண்டு, செடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவராக நடப்போம். எஞ்சின் என் பக்கம். வெட்டுப்பட்ட இலை மெஷினுக்குப் பின்னால் கட்டிய நீளப் பையில் போய் விழும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு அக்கா வருவார். நிறைந்த பைகளைத் தம்பி ரோட்டுக்குச் சுமப்பார்.

முன்னால் போகிறவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பை கட்டையில் மாட்டினாலும், யாருக்காவது கால் வழுக்கினாலும், அக்கா "கையெடு" என்பார். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்த நொடியே நான் விசையை விட்டுவிட வேண்டும், எஞ்சின் அடங்கிவிடும். கங்காணி சொன்னால்கூட நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். அக்கா சொன்னால் யோசிப்பதில்லை.

இப்போது கேமுக்கு வருகிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விழுந்தவரைத் தூக்கலாம் என்பது. கூட்டாளி ஒருவர் பக்கத்தில் போய் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், விழுந்தவர் எழுந்துகொள்வார், எத்தனை தடவை வேண்டுமானாலும். அப்புறம், பறக்கிறவள் கல் மனிதனைத் தூக்கிக்கொண்டு போய் எதிரி தலையில் போடலாம். பறக்கிறவள் நான், கல் மனிதன் அக்கா. முதல் தடவை அதைச் செய்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த லயத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. பறக்கிறவளுக்குக் குதிகால் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு மழை பெய்த மறுநாள் எங்கள் மேட்டில் பத்து அடி நடந்து காட்டட்டும், பார்க்கிறேன். நட்சத்திரம் எல்லாம் கடைசி அடி அடித்தவருக்கே போகிறது, தூக்கிவிட்டவருக்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. திரை முதல் கன்ட்ரோலர் வைத்திருப்பவரின் பின்னாலேயே ஓடும். மற்றவர்கள் பின்தங்கினால் படத்தை விட்டே மறைந்துபோவார்கள். அங்கே அவர்கள் பாறையில் மாட்டிக்கொண்டு கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. இதைச் செய்தவர் வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பை பிடித்ததில்லை.

கம்போங் ராஜா டவுனில் நாங்கள் வழக்கமாக ரொட்டி சாப்பிடும் கடையின் பாய், கால்பந்து காட்டுகிற பெரிய டிவியில் இந்த கேமுக்குப் போட்டி வைத்தார். நான்கு பேர் ஓர் அணி. ஒவ்வோர் அணியாக ஆட வேண்டும். அணியில் ஒருவர் கடைசி வாசலைத் தாண்டினாலே போதும், சீக்கிரம் தாண்டிய அணிக்குக் கோப்பை. நாங்களும் பெயர் கொடுத்தோம்.

முதல் கன்ட்ரோலர் வீட்டுக்காரரிடம். மனுஷன் பின்னால் ஆள் வருகிற நினைப்பே இல்லாமல், பையின் வாலை அறுத்துக்கொண்டு போகிற மாதிரி ஓடினார். திரையும் அவரோடு போனது. பின்னால் அக்காவின் கல் மனிதன் எதிலோ மாட்டிக்கொண்டான். அக்காவுக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை, வாயில் பழகியது வந்துவிட்டது.

"கையெடு!"

நாங்கள் மூன்று பேரும் கன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்துவிட்டோம். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக விட்டது. திரையில் எங்கள் வீரர்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள். எதிரிகள் வந்து சாவகாசமாக அடித்துப் போட்டார்கள். கடையே சிரித்தது. தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்காரருக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், பக்கத்தில் அக்கா வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தும், அடக்கிக்கொள்ளாமல் பேசினார்.

"அடுத்த தடவ கோலா தெர்லாவுல லோரி ஓட்டுறானே, அவனப் போட்டுக்கலாம் லா. அக்காவுக்கு இது சரிப்படாது."

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. துணி துவைக்கக் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அது பொய் என்று எனக்குத் தெரியும், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அதைவிட மோசம் திங்கட்கிழமை நடந்தது. செடி நிரையின் பாதியில் மெஷின் இழுக்க முடியாமல் கனத்தது. திரும்பிப் பார்த்தால் பை ஒரு கட்டையில் மாட்டி, ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. அக்கா வாலைப் பிடித்தபடி நின்றார், வாயே திறக்கவில்லை. பை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். நாளைக்கு இவர் இப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றால் போவது யாருடைய கை?

எஞ்சினை நிறுத்தினேன். மெஷினைச் செடிமேல் வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க. வெரல எண்ணுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. போன மழையில், எஞ்சின் ஓடும்போதே பிளேடில் சிக்கிய குச்சியை இழுக்கக் கையை விட்டவர் அவர். பின்னாலிருந்து அக்கா போட்ட ஒரு சத்தத்தில்தான் நான் விசையை விட்டேன்.

"அஞ்சுல நாலு அக்கா குடுத்தது. அவங்க இல்லாத டீமுல நான் இல்ல. அவங்க வாயத் தொறக்காத நிரையில இந்த மெஷினையும் நான் தொட மாட்டேன். கங்காணிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

கேமில் கத்தியது தன் தப்புதான், ஊர் சிரித்ததும் தன்னால்தான் என்று அக்கா முணுமுணுத்தார். தப்பு அந்த கேமில் இருக்கிறது, உங்களிடம் இல்லை என்றேன். வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, உட்கார்ந்து பையைத் தைத்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, முதல் கன்ட்ரோலரை அக்கா கையில் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. அதற்கப்புறம் திரை அக்காவின் நடைக்கு நடந்தது. மெதுவாகத்தான். ஆனால் நான்கு பேரும் எப்போதும் படத்துக்குள் இருந்தோம். கேமைச் செய்தவருக்குத் தெரியாததை நாங்கள் இடம் மாறி உட்கார்ந்து சரிசெய்துகொண்டோம்.

பாய் மறுபடியும் போட்டி வைத்தார். அதே டிவி, சிரித்த அதே ஆட்கள். இந்தத் தடவை கடைசி வாசல் வரை போய்விட்டோம். வீட்டுக்காரரின் வீரனுக்கு வாசல் இரண்டே எட்டு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது தம்பியின் ஆள் பின்னால் அடிபட்டு விழுந்தான்.

அக்கா கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார்.

"கையெடு."

கடை மறுபடியும் சிரித்தது. எங்களில் முதலில் கையை எடுத்தவர் என் வீட்டுக்காரர். கல் மனிதன் ஆடி அசைந்து திரும்பிப் போனான், தம்பியின் ஆளைத் தூக்கி நிறுத்தினான். பிறகு நான்கு பேரும் சேர்ந்து வாசலைத் தாண்டினோம். ஆறு அணிகளில் ஐந்தாவது.

பாய்க்குத் தாங்கவில்லை. "ஒரு ஆள் தாண்டுனாலே போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா" என்றார்.

வீட்டுக்காரர் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார்.

"எங்களுக்குப் போதாது பாய்."