கொக்கோ மரத்தடியில் கடைசிச் சிலை

பெரியப்பா மலாயாவுக்குப் பிழைக்கப் போனபோது நான் பிறக்கவேயில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில் பாதையில் அகப்பட்டு, எப்படியோ உயிரோடு மாத்தளைக்குத் திரும்பினார். வந்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொக்கோ மரங்களுக்கு நடுவே சிலை செய்யத் தொடங்கினார். கம்பியால் கூடு கட்டி, சீமெந்து பூசி, ஆள் உயரத்துக்கு நிறுத்துவார். எல்லாரும் அந்தப் பாதையோரம் செத்தவர்கள். எல்லாருக்கும் கண் மூடியிருக்கும். மழை விட்ட பிறகும் அந்த இமைகளிலிருந்து வெகுநேரம் நீர் சொட்டும். எங்கள் நாய் அந்தப் பக்கம் வராது. எட்டு வயதில் தைரியசாலி என்று பெயர் வாங்கும் ஆசையில் நான் மட்டும் போவேன்.

கடைசிச் சிலைக்கு முகம் வரவில்லை.

"ஆளு நெனவிருக்கு, மொகம் போயிருச்சு" என்று பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு என் அப்பாவை எதிரே உட்காரவைத்து, அவர் முகத்தையே செய்து முடித்தார். அதன்பின் அப்பா கண்ணயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று நான் குனிந்து பார்ப்பேன்.

ஒருநாள் மத்தியானம் நாவுல என்ற ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் ஓர் அம்மா வந்து இறங்கினார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மலாயாவுக்குப் போன கணவர் திரும்பவில்லையாம். சிலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாராம். ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே கடைசிச் சிலைவரை வந்துவிட்டார். அதற்கப்பால் வெறும் மரங்கள்தான்.

"இவருதாங்க" என்றார்.

"அது எங்க அப்..." என்று வாயெடுத்தேன். பெரியப்பாவின் சொரசொரத்த கை என் வாயைப் பொத்தியது.

"கடைசியில பசியோட கெடந்தாராங்க?"

"இல்லம்மா. கஞ்சி குடிச்சிட்டுத்தான் படுத்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

கணவரின் பெயரை அந்த அம்மா சொல்லவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. அந்த அம்மா தன் பையிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையொன்றை எடுத்துச் சிலையின் தோளில் போர்த்தினார். முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தார். அழவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

காற்றில் சட்டைக் கை அசைந்தது. நான் வீட்டுக்குள் ஓடினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பினேன்.

"என்னம்மா?" என்று அவர் கண் திறந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பெரியப்பா பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரிந்தது. அது பொய்யென்று அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம் என்பது தெரியவில்லை.