விரல் நுனிக்கு வந்த தோல்

அன்ரனெற் பதினாறு வருடங்களாக இரத்தம் எடுப்பவள். மில்லிக்கன் பகுதியில் அவள் வேலை செய்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில், மற்றவர்கள் குத்தியும் இரத்தக்குழாய் அகப்படாத ஆட்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் கண்ணால் தேடுவதில்லை. இடது சுட்டுவிரல் நுனியால் அழுத்திப் பார்ப்பாள், அது போதும்.

போன ஜனவரியில் காற்று அடித்துச் சாத்திய கார்க் கதவு அந்த நுனியின் தோலை வழித்தெடுத்துவிட்டது.

தொடைத் தோலை வைத்துத் தைக்கலாமா என்று அவளே கேட்டாள். மருத்துவர் மறுத்தார். தொடுகையை உணரும் நரம்பு மீண்டும் வளரும். ஆனால் எந்தத் தோலுக்குள் நுழைகிறதோ, அதற்கேற்ற முனையைத்தான் அமைக்கும் என்றார். தொடையில் அது மயிர்க்கால்களைச் சுற்றிக்கொள்ளும். மெல்லிய அசைவைப் பிடிக்கும் முனைகள் விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால் தோலில்தான் நிறைய உண்டாகும். கருவில் வளரும்போதே அப்படித்தானாம். அதனால் உள்ளங்காலிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தார்.

"நரம்பு வராமல் போகுமா?"

"சிலருக்குச் சரியாக வருவதில்லை."

அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. மூன்றாம் மாதம் சுடுபாத்திரத்தில் விரல் பட்டதைக் கொப்புளம் எழும்பிய பிறகுதான் கண்டாள். தன் விரலையே பார்க்கப் பயந்தாள்.

கணவன் கிளிபோட் தினமும் ஒரு பஞ்சுத் துண்டோடு வந்து உட்காருவான்.

"கண்ணை மூடும். தொடேக்க சொல்லும்."

அவள் காத்திருந்தாள். "தொடுங்கோவன்."

அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடினாள்.

"என்னப்பா, தொட்டனீங்களோ?"

"தொட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

அவள் கையை இழுத்துக்கொண்டு அழுதாள்.

ஐந்தாம் மாதம் விரலுக்குள் எறும்பு ஊர்வதைப் போல இருந்தது. கிருமி பிடித்துவிட்டது, விரலை வெட்டப்போகிறார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நரம்பு வருகிறது என்றார் மருத்துவர். அவள் நம்பவில்லை.

ஒக்ரோபரில் வேலைக்குத் திரும்பினாள். முதல் ஆளே புற்றுநோய் மருந்து ஏற்றி மெலிந்த ஒரு பெண்.

"தங்கச்சி, பயப்பிடுறீங்களோ?"

"ஓம் அக்கா, கனநாளுக்குப் பிறகு வாறன். ஒரு நிமிசம் தாங்கோ."

அழுத்தினாள். ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி அழுத்தினாள். துணிக்கு அடியில் கிடப்பதைப் போல, மங்கலாக, ஏதோ மெத்தென்று எழும்பியது. அது நிசமா, நினைப்பா என்று தெரியவில்லை. மூன்று தரம் தடவிய பிறகே ஊசியை வைத்தாள். இரத்தம் வந்தது.

இப்போது ஒரு ஆளுக்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறாள். ஒவ்வொரு கையையும் தொடுமுன் பயப்படுகிறாள்.