பச்சை நிறத்தில் இளம் விண்மீன்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் மங்கலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பளிச்சென்று தெரியும் விண்மீன் திரள்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, அவர் மட்டும் தட்டு வடிவில் மங்கலாகக் கிடக்கும் திரள்களைத் தேடிப் பிடிப்பார். மங்கலகரமான பெயர் என்று வெளியாட்கள் பாராட்டுவார்கள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

அந்தத் திரள்களில் வாயு ஏராளம், விண்மீன்கள் கொஞ்சம். அங்கே விண்மீன்கள் மந்தமாக, ஒரே சீராகப் பிறக்கின்றன என்பது பொதுவான எண்ணம். அக்காவுக்கு அது ஒப்பவில்லை. வயதான சிவப்பு விண்மீன்களுக்கு நடுவே அங்கங்கே இளசுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒரு மூலையில் திடீரென்று பிறப்பு, பிறகு நீண்ட மௌனம், பிறகு வேறொரு மூலையில் பிறப்பு என்று அவர் படம் போட்டுக் காட்டினார். இளம் விண்மீன்களை எல்லோரும் நீலத்தில் குறிப்பார்கள். அக்காவின் பழைய கணினித் திரையில் நீலம் சரியாகத் தெரியாது, அதனால் பச்சை.

அவருடைய கணவரும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் ஆய்வாளர், மாடியில். சாப்பாட்டு மேசையில் அக்கா இதைச் சொன்னபோதெல்லாம், "நாலு புள்ளிய வச்சுக்கிட்டு கதை விடாத" என்று கிண்டல் செய்தவர்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "கொஞ்ச நாள் லீவு போடேன். உன் திரளெல்லாம் எங்கயும் ஓடிடாது" என்றார் கணவர். அக்கா போட்டார்.

ஒருநாள் மத்தியானம் மாமியாருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, அந்தம்மா கைப்பேசியை நீட்டினார்.

"இங்க பாரும்மா, என் புள்ள எவ்ளோ பெரிய கூட்டத்துல பேசுறான்! என்ன பேசுறான்னுதான் புரியல."

காணொளியில் கணவருக்குப் பின்னால் திரையில் அக்கா போட்ட படம், அதே பச்சைப் புள்ளிகளோடு. "நான் கவனித்தது என்னவென்றால்..." என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "எனக்கு நல்லாவே புரியுது அத்தை."

கணவர் ஊர் திரும்பியதும், பேச்சும் கட்டுரையும் ஏன் அவர் பேரில் என்று அக்கா கேட்டார்.

"நீ லீவுல இருந்தே. வெளியாள் எவனாவது முந்திக்கிட்டா? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னுதான்."

"என் பேரு?"

"கட்டுரையோட கடைசியில நன்றி சொல்லியிருக்கேனே."

"தங்க இடம் கொடுத்த விடுதிக்காரனுக்குச் சொல்ற மாதிரியா?"

கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

அக்கா முறையிட்டபோது ஆய்வுக்கூட இயக்குநரோ, "வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா" என்று கையை விரித்தார். மாமியார் அழுதார், அழுது முடித்து, "அவன் பேருன்னா என்ன, உன் பேருன்னா என்ன?" என்றார். அதுதான் அதிகம் வலித்தது என்று அக்கா என்னிடம் சொன்னார். அந்தம்மாவைத் தோளில் சாய்த்துத் தினமும் நடக்க வைத்தவர் அவர்தானே.

மாமியார் ஊன்றுகோலோடு தானாக நடக்கத் தொடங்கியதும், அக்கா துணிமணிகளோடு தனி அறைக்குப் போய்விட்டார். மறுபடி வேலைக்கு வந்தார். வேறு மங்கல் திரள்களை எடுத்தார். அங்கேயும் விண்மீன்கள் விட்டுவிட்டுத்தான் பிறந்திருந்தன. கட்டுரை எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். இந்தக் கருத்தை முதலில் முன்வைத்தவர் என்று முதல் பத்தியிலேயே கணவரின் பெயர்.

"என்னக்கா இது?"

"வெளிவந்தது அவர் பேர்லதானே. போடலேன்னா நான் திருடிட்டேன்னு சொல்லுவாங்க."

கட்டுரை அப்படியே அச்சாயிற்று.