ஓர்ப்படியின் ருபார்ப்

ருபார்ப் என்றால் என்னவென்று எங்கள் கரமனைத் தெருவில் யாருக்குத் தெரியும்? ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அதன்மேல் பைத்தியம். ஊருக்கு வந்த சிநேகிதி கையில் விதை கொடுத்தனுப்பினாள். சேம்பிலை மாதிரி அகல இலை, சிவந்த தண்டு, நல்ல புளிப்பு. தண்டைச் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்பார்களாம். மாசியில் லீவுக்கு வரும்போது நம் கொல்லையில் விளைந்ததைச் சாப்பிட வேண்டுமாம். அதோடு நிறுத்தினாளா? "பாதி விதையைச் சித்திக்குக் குடும்மா, அவ கைராசி" என்று போனில் சொன்னாள்.

சித்தி என்றால் என் ஓர்ப்படி, கணவரின் தம்பி மனைவி. அடுத்த வீடு, நடுவில் ஒரு மதில்தான். பெற்றவள் நான், கைராசி அவளுக்கா? எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. பெரிய விதைகளாகப் பொறுக்கி எனக்கு வைத்துக்கொண்டு, மீதியை அவளிடம் கொடுத்தேன். ஆமாம், பொறுக்கித்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

என்னுடையவை ஏழு முளைத்தன. ஐந்து மழையில் அழுகின, இரண்டு வெயிலில் வதங்கிச் செத்தன. அவளோ செடி வளர்க்கும் க்ரோபேக் பையைக் கிணற்றடி நிழலில் வைத்து, மத்தியானம் தவறாமல் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மன்னி, பாத்தேளா? இன்னும் ரெண்டு இலை விட்டிருக்கு, கேட்டேளா!" என்பாள். "கொள்ளாம், நன்னாருக்கு" என்பேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஞாயிறுதோறும் என் போனைத் தூக்கிக்கொண்டு அவள் கிணற்றடிக்குப் போய், அவள் செடியை என் மகளுக்கு நான்தான் காட்ட வேண்டும். "சித்தி, அசத்திட்டேள்!" என்று மகள் அங்கே கூவுவாள். என்னிடம், "அம்மா, கிட்டக்க காட்டேன், உன் விரல் மறைக்கறது" என்பாள். எனக்குக் கிடைத்த வார்த்தை அவ்வளவுதான்.

விதை வந்த வாரமே மகள் ஒன்று சொல்லியிருந்தாள். "தண்டு மட்டும்தான் திங்கணும்மா. இலை விஷம். சித்திகிட்டயும் மறக்காம சொல்லிடு." நான் மறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். என் செடிகள் செத்த பிறகு வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்த கைராசிக்காரியாயிற்றே, இதுவும் தெரியட்டுமே என்று ஒரு வீம்பு.

மாசியில் மகள் வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். சமையலறையில் தண்டுகளைக் கழுவிக் கட்டாக வைத்திருந்தாள் ஓர்ப்படி. அடுப்பில் உருளி கொதித்துக்கொண்டிருந்தது.

"தண்டு முழுக்க ஒனக்குத்தான்டி. இலையை எதுக்கு வீணாக்கணும்னு கூட்டு வெச்சுட்டேன். சேம்பிலை மாதிரி அரிச்சாலும் அரிக்கும்னு நன்னாப் புளி விட்டிருக்கேன்" என்றாள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். எந்த இலையானாலும் புளியில் வெந்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பு.

நான் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தேன். "ஐயோ, அது விஷம்! வாயில வெச்சியா?"

"சுவாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி நான் எப்படி மன்னி வாயில வெப்பேன்?"

மகள் வெளிறிப்போய் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, சித்திகிட்ட சொல்லச் சொன்னேனே?"

ஓர்ப்படி என்னை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"மன்னி அன்னிக்கே சொன்னா. நான்தான் மறந்து தொலைச்சேன்" என்றாள். உருளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொல்லவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என் மகளுக்கு இன்றுவரை தெரியாது. ஓர்ப்படி உயிரோடு நிற்கிறாளே என்று நான் சுவாமிக்கு நன்றி சொன்னது நிஜம். ஆனால் அந்தப் பொய்யை எனக்காக அவ்வளவு லேசாகச் சொல்ல அவளால் முடிந்ததே என்று, அந்த நிமிஷத்திலும் என் வயிறு எரிந்தது.