தோல் இல்லாத குழாய்

மலாயாவில், சிகாமட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த காலத்தில், எனக்குக் கொடுத்த வீட்டில் குழாய் இருந்தது. லயங்களில், வரிசை வீடுகளில், இருந்த தொழிலாளிகளுக்குக் கிணறுதான். குன்றின் மேல் இருந்த தொட்டியிலிருந்து துரையின் பங்களாவுக்குப் போன பைப்பில் ஒரு கிளை எங்கள் சமையலறைக்குள் வந்தது. கல்யாணமாகி வந்த மனைவிக்கு அதை நான் திறந்து காட்டிய தோரணையைப் பார்த்தால், தண்ணீரையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. குழாய் சொட்டத் தொடங்கியது. ஸ்பானரால் தலையைக் கழற்றி, உள்ளே நைந்து கிடந்த வாஷரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என்ன இது என்றாள். தோல் என்றேன். மாட்டுத் தோலா என்றாள். வேறென்ன, மல்லிகைப் பூவா என்றேன். அந்த வாயை அடக்கியிருக்கலாம். அன்றோடு குழாய்த் தண்ணீர் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் மட்டும் என்று ஆகிவிட்டது. குடிக்கவும் சாமிக்கு வைக்கவும் குடத்தோடு லயத்துக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினாள்.

கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துப் பக்கம் போய்ப் பழகுவதில்லை. மதிப்புக் குறைந்துவிடும் என்று பெரிய கிராணி எனக்குச் சொல்லியிருந்தார். நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் தோல் பட்ட தண்ணீர் என்றதும் பெரிய கிராணியே வாயை மூடிக்கொண்டார். ஆசாரத்தின் குறுக்கே யார் போய் நிற்பது?

தலைப்பிரசவத்துக்குத் திருச்சிப் பக்கம் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பினேன். கிளம்பும் வாரம் வரை, வயிற்றுப் பிள்ளையோடு குடம் சுமந்து மேடேறி வந்துகொண்டிருந்தாள். கப்பலுக்குப் போக ரயில் ஏறும்போது, சீக்கிரம் திரும்பி வந்துவிடு என்றேன்.

"பாக்கலாங்க" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஊரோடு தங்கிவிட்டவர்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி தலை நரைத்தும் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் அதுதான் கதியோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. மாலையில் கதவைத் திறந்தால் அடுப்பு குளிர்ந்து கிடக்கும். அவளைப் பார்க்க வேண்டும், அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று இருக்கும். சாப்பாடு இறங்காது. யோசித்து யோசித்து, அவளைத் துரத்தியது அந்தக் குடம்தான் என்று முடிவு கட்டினேன். தோலே இல்லாமல் குழாயைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவாள்.

சிகாமட் கடைத்தெருவில், சீனரின் இரும்புக்கடையில் கேட்டேன். தோல் வாஷர்தான் இருந்தது. ரப்பர் காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வாஷருக்கு அலைகிறேனே என்று சிரிப்பு வந்தது. புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வட்டமாக வெட்டினேன். தண்ணீரை நிறுத்த வால்வை அடைத்தேன். அது பங்களாவுக்கும் சேர்த்து அடைபடும் என்பது, துரை உடம்பெல்லாம் சோப்போடு கத்திய பிறகுதான் தெரிந்தது. அவர் திட்டிய திட்டை எழுதினால் தாள் கருகிவிடும்.

சொட்டுவது நின்றது. சில நாளில் தண்ணீர் வருவதும் நின்றது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் உள்ளே பித்தளையோடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு திருகினாலும் விடவில்லை. சுரண்டி எடுத்த பிறகு வந்த தண்ணீரில் புகை வாடை. அடுத்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். கொஞ்சம் பெரிதானால் மடங்கியது, சிறிதானால் ஒழுகியது. கத்தரியால் நறுக்கி நறுக்கிப் பொருத்தி, மரையில் சணல் நூல் சுற்றி இறுக்கினேன். ஒரு சொட்டுகூட இல்லை. அன்றைக்கு அவள் அருகில் இல்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்தது. குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு, உறவினர் துணையோடு அவளும் வந்தாள். மகளைத் தூக்கினேன், என்னைப் பார்த்து வீறிட்டாள். அதனால் என்ன, வந்துவிட்டார்களே. நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். தோலே கிடையாது, ரப்பர்தான், இனி நீ குடம் தூக்கவே வேண்டாம் என்று திறந்தும் மூடியும் காட்டினேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

உறவினர் கிளம்பிய பிறகு, பிடிக்கவில்லையா என்று கேட்டேன். வெகுநேரம் மழுப்பினாள். கடைசியில் சொன்னாள்.

"தோலு கெடக்குதுங்க. எங்க அப்பா வீட்டுல கமலையில தோல் கட்டி எறச்ச தண்ணியக் குடிச்சு வளந்தவதான் நானு. இங்க கெணத்தடியில எங்க ஊர்ப் பக்கத்துப் பொம்பளைங்க இருக்காங்க. அவங்ககிட்டத்தான் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசுவேன். நீங்க போவக் கூடாதுன்னீங்க. தோலுன்னதும் விட்டுட்டீங்க."

"எங்கிட்டப் பேசியிருக்கலாமே?"

"நீங்க வீட்டுக்கு வந்தா கொழாயப் பத்தித்தானே பேசுவீங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவள் இல்லாமல் நான் தவித்த தவிப்பை, நான் பக்கத்தில் இருக்கும்போதே அவள் தவித்திருக்கிறாள்.

மறுநாள் காலை, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், கிணற்றுக்குப் போய் வா என்றேன். பெரிய கிராணி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றாள். ரப்பர் வாடை குடலைப் புரட்டுகிறது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. அழுகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றேன்.