தோளில் இருந்த வளையம்

பாரிவாக்கத்துப் பண்ணையில் மாடுகளுக்குச் சூடு போட ஓர் இரும்பு வைத்திருந்தார்கள். வளையம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு. 1943இல் அதே இரும்பை வேம்புலியின் வலது தோளிலும் வைத்தார்கள்.

வேம்புலி பண்ணையாளாகவே பிறந்தவன். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். பருத்திப்பட்டைத் தாண்டுவதற்குள் பண்ணையின் காரியக்காரன் கோதண்டம் பிடித்துவிட்டான். வண்டிச் சக்கரத்தில் கட்டி, வாயில் வைக்கோலைத் திணித்து, இரும்பை அழுத்தினான். மாட்டுத்தோல் கருகும்போது வருகிற அதே வாடைதான் வந்தது. வேம்புலிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

புண் ஆறியதும் மறுபடி ஓடினான். இம்முறை முகாமுக்குள்ளேயே போய்விட்டான்.

ஆள் சேர்க்கும் மேசையில் குமாஸ்தா டேவிட், அங்க அடையாளம் எழுத வேண்டும், துண்டை எடு என்றான். தோளைப் பார்த்ததும் அவன் பேனா நின்றது. பாதிரி வேலைக்குப் படித்துப் பாதியில் விட்டவன் அவன், கிரேக்கம் தெரியும். கிரேக்கர்களிடம் இதற்கு ‘ஸ்டிக்மா’ என்று பெயர் என்றான். குத்துவது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். ஓடிப்போய் அகப்பட்ட அடிமையின் நெற்றியில் ஊசியால் குத்தி மை ஏற்றுவார்களாம். பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அவமானம் என்ற பொருள் வந்ததாம்.

வளைய அடையாளம் உள்ளவன் பண்ணையின் ஆள் என்று கோதண்டம் ஏற்கெனவே ஆள் எடுக்கும் காண்ட்ராக்டரிடம் சொல்லி வைத்திருந்தான். வளையம் என்று எழுதினால் உன்னைப் பண்ணைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், இருப்பதைத்தான் எழுத முடியும், நாளை வா என்றான் டேவிட்.

“அத்த அந்த அடிமைங்கோ எப்டிய்யா போக்கினாங்கோ?” என்றான் வேம்புலி.

“காரமான மருந்தக் கட்டித் தோலையே அழுக வைப்பாங்களாம். எழுத்து போயிடும். தழும்பு நிக்கும்.”

“நிக்கட்டுமே. படிக்க முடியாதில்ல.”

வேம்புலி நேராக முகாமின் கொல்லுப்பட்டறைக்குப் போனான். உலையில் முனை சிவந்து கிடந்த கம்பியை இடது கையால் எடுத்துத் தோளில் வைத்து உருட்டினான். வளையம் மறையும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் கோதண்டம் ஆள் சேர்க்கும் மேசைக்கே வந்து புண்ணில் கட்டிய துணியைப் பிடுங்கினான். சதையும் கூட வந்தது. வளையத்தைத் தேடி விரலை உள்ளே விட்டுத் திருகினான். வேம்புலி வலியில் பல்லைக் கடித்த கடியில் அவன் பல் ஒன்று உடைந்தது.

“எங்கடா சூடு?”

வேம்புலி ரத்தத்தைத் துப்பினான். “உலையில வுயுந்துட்டேன் அண்ணாத்தே. ஒங்க பண்ண பேரு எங்கனா எயுதிகீதா, நல்லாப் பாரு.”

டேவிட் பதிவேட்டைச் சத்தமாகப் படித்தான்: வலது தோளில் தீக்காயம்.

கோதண்டம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான். வேம்புலி மண்வெட்டியை இடது தோளில் சாத்திக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.