பத்து நிமிஷம்

சுற்றுலா வேன் ஓட்டும் அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெந்நீர் ஊற்று எப்போது பீறிடும் என்று யார் கேட்டாலும் இருபத்திரண்டு வருடமாக அதே பதில்தான். அவர் என்ன பூமிக்கு மாமனா மச்சானா, அது இவரிடம் சொல்லிவிட்டுப் பொங்க? சில நாள் மணிக்கு இரண்டு முறை பீறிடும். சில நாள் முழுக்க வெறும் ஆவிதான். பயணிகள் முகம் சுளிக்க ஆரம்பித்தால், எதிரே முதுகு காட்டி நிற்கும் பாறையைக் கைகாட்டுவார்.

"அது மாமியார் பாறைங்க. கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்து லட்சம் வருஷம் ஆச்சு, இன்னும் யாரும் சமாதானம் பண்ணல."

சிரிப்பில் கால் மணி நேரம் ஓடிவிடும். ஊற்றின் கந்தக ஆவியில் அழுகின முட்டை நாற்றம் ஏறிய அவர் சட்டையை மட்டும் மனைவி இன்றுவரை வீட்டுக்குள் விட்டதில்லை.

மகளுக்கு ஆறு வயதானபோது ஒருமுறை ஊற்றுக்குக் கூட்டிவந்தார். மூன்று மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும், கம்பெனிச் சட்டம். வளைவு திரும்பும்போது பின்னால் ஊற்று இரைந்து பீறிட்டது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள் அழுத அழுகைக்கும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாரே, அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

இப்போது அவள் இன்ஜின் மெக்கானிக். நாளைக் காலை வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறாள். "ஒரே ஒரு தடவை வாம்மா" என்று கெஞ்சி முன்சீட்டில் ஏற்றிவந்தார். ஊற்றோ வாயே திறக்கவில்லை. மணி நாலு. எல்லோரும் வேனில் ஏறியாயிற்று. சாவியைத் திருப்பினார், வண்டி இருமக்கூட இல்லை.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே!" என்று பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அந்தப் 'பத்து நிமிஷ'த்தைத் தவிர வேறு பொய் சொல்லிப் பழகாத மனுஷன், காதோரமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மெக்கானிக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போடுகிற நாடகமா இது?

"தள்ளுங்கப்பா, நான் பாக்கறேன்."

குனிந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். பேட்டரி ஒயர் கழன்று கிடந்தது. தானாகக் கழல்கிற ஒயர் இல்லை அது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாமியார் பாறையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்றார் வேனுக்குள்ளிருந்து ஒருவர்.

அவள் ஸ்பானரோடு நிமிர்ந்தாள். "பத்து நிமிஷங்க."

ஒயரைத் தொடாமல், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஊற்றுக்கு எதிரே உட்காரவைத்தாள்.

நாற்பதாவது நிமிடத்தில் தரை அதிர்ந்தது. வெந்நீர் நாலு மாடி உயரத்துக்கு எழும்பியது. மகள் ஆறு வயதுக்காரி மாதிரி கத்தினாள்.

"புகை கண்ணக் கரிக்குதும்மா" என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாகக் கரித்தது.